அந்தப் படிவத்தில் இல்லாத கேள்வி

போன வருஷம் லெந்து என்கிற தவக்கால நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, எதிர் வீட்டுத் தங்கச்சி உபவாச ஜெபத்துக்குத் துணைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். வியாசர்பாடிப் பக்கம், ஒரு கட்டடத்தின் மாடியில் கூட்டம். அவள் பையனுக்கு ஏழு வயசு. மூன்று வயசிலிருந்து வலிப்பு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மாத்திரை கேட்கிறது, ஆனால் முழுசாக நிற்கவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள், இது பரம்பரை சாபமாக இருக்கும், அதை அறிக்கை செய்து முறித்தால்தான் நிற்கும் என்று.

வாசலிலேயே ஒரு படிவம் கொடுத்தார்கள். நான்கு பக்க ஜெராக்ஸ். அப்பா வழி, அம்மா வழி என்று நான்கு தலைமுறைக்குக் கட்டம் போட்டிருந்தது. விக்கிரக ஆராதனை, செய்வினை, குறி கேட்டது, தற்கொலை, குடி, விபசாரம். யார் யார் என்ன செய்தார்களோ அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும். அவள் குடும்பத்தில் அவள்தான் முதல் கிறிஸ்தவள். அதனால் முதல் கட்டம் மேலிருந்து கீழ் வரை நிரம்பிவிட்டது. அவளுடைய ஆயா ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினவர். அந்தப் பேரைச் சொல்லி, "என் ஆயா செய்த அருவருப்பை அறிக்கையிடுகிறேன்" என்று மைக் முன்னால் நின்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அடுத்த வாரம் ஆயாவிடமிருந்து வந்த பித்தளைத் தவலையைப் பழைய பாத்திரக் கடையில் போட்டுவிட்டாள். கூழ் காய்ச்சின தவலை. தெருவே வந்து குடித்த கூழ்.

நான் அன்றைக்கு அங்கே எதுவும் பேசவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

எனக்கு இயேசுவைத் தவிர வேறு வாசல் தெரியாது. விக்கிரக ஆராதனை தவறில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செத்துப்போன ஆயாவின் பாவத்தைப் பேத்தி மைக்கில் சொன்னால்தான் ஏழு வயசுப் பிள்ளைக்கு வலிப்பு நிற்கும் என்று எந்த வேதத்தில் இருக்கிறது? பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டது இதே கேள்விதான்: இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா? "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். யோவான் 9. அதற்கு அப்புறமும் நாம் படிவம் அச்சடிக்கிறோம்.

கொரிந்துவிலும் எபேசுவிலும் விசுவாசிகளானவர்களில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டி எல்லாரும் கோயிலில் பலியிட்டவர்கள்தான். பவுல் அவர்களில் யாரிடமாவது உன் பாட்டி எந்த தேவதைக்குப் படைத்தாள் என்று பட்டியல் கேட்டாரா? எபேசுவில் மாயவித்தைக்காரர்கள் வந்து அறிக்கையிட்டது தங்கள் சொந்தச் செய்கைகளை. எரித்ததும் தங்கள் சொந்தப் புத்தகங்களை. அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. பேதுருவும், முன்னோர்களிடமிருந்து பாரம்பரியமாய் வந்த வீணான நடத்தையிலிருந்து நீங்கள் கிறிஸ்துவின் இரத்தத்தினால் மீட்கப்பட்டீர்கள் என்று எழுதுகிறார். மீட்கப்பட்டாயிற்று. இனிமேல் படிவம் நிரப்பி மீட்கப்பட வேண்டியதில்லை.

சரி, யாத்திராகமம் 20 என்ன ஆவது? பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிக்கிறவர் என்று இருக்கிறதே? இருக்கிறது. "என்னைப் பகைக்கிறவர்களைக் குறித்து" என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. அடுத்த வசனம் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்கிறது. நான்கையும் ஆயிரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேவனுடைய மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். மூன்று நான்கு தலைமுறை என்பது ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பம் என்றும் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். தாத்தா சாராயம் குடித்த வீட்டில் அப்பன் அடி வாங்கி வளர்கிறான், அந்தக் கையே பேரன் மேலும் விழுகிறது. பாவத்தின் பலன் அப்படி இறங்கும். பாவத்தின் குற்றம் அப்படி இறங்குவதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஒரு தாய் மைக் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் அந்தத் தங்கச்சிக்குச் சொன்னேன். எசேக்கியேல் 18-ஐ எடுத்துச் சேர்ந்து வாசித்தோம். பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்ற பழமொழியை இனிமேல் சொல்லாதிருங்கள் என்று கர்த்தர் ஆணையிட்டுச் சொல்கிற அதிகாரம். "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." வாசித்து முடித்ததும், "அப்ப எங்க ஆயாவ நான் திட்ட வேணாமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மறுநாள் இரண்டு பேரும் பாத்திரக் கடைக்குப் போனோம். தவலை உருக்கப் போய்விட்டது.

இவ்வளவோடு இது முடிந்திருக்கும். ஆனால் அந்தப் படிவம் என் மேசை டிராயரிலேயே இருந்தது. ஒரு நாள் எடுத்துத் திரும்பப் படித்தேன். அதில் எதெல்லாம் இல்லை என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. வட்டி இல்லை. அபகரித்த நிலம் இல்லை. வாங்கின வரதட்சணை இல்லை. சாதி இல்லை. நாலு பக்கத்தில், செத்தவர்கள் தங்களோடு கொண்டுபோய்விட்ட பாவங்கள் எல்லாம் இருந்தன. உயிரோடு இருக்கிறவர்கள் இன்றைக்கும் உட்கார்ந்து சாப்பிடுகிற பாவங்கள் ஒன்றுகூட இல்லை.

எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார்.

நாங்கள் மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. விக்கிரகக் கட்டத்தில் டிக் போட எங்களுக்கு ஒன்றுமில்லை. தாத்தா பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில்லில் வேலை பார்த்தார். ஆலயத்தில் முன் பெஞ்ச். ஆயர் சொல்லச் சொல்ல சபை பதில் சொல்கிற லித்தானியா மன்றாட்டில் மறுமொழி சொல்லும்போது அவர் குரல்தான் உயர்ந்து கேட்கும் என்பார்கள். மில் சம்பள நாளில் வாசலில் நின்று வட்டி வாங்குவார் என்பதை மட்டும் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்த, பட்டாளம் பகுதியில் இருந்த வீடு எப்படி எங்களுக்கு வந்தது என்றும் யாரும் சொன்னதில்லை. கிணறு உள்ள வீடு. பின்னால் ஒரு முருங்கை.

அத்தைக்கு இப்போது எண்பது வயசு. அவரிடம் போய்க் கேட்டேன். "இப்ப எதுக்குடி அதெல்லாம்" என்றார் முதலில். அப்புறம் சொன்னார். 1958. தாத்தாவோடு மில்லில் வேலை பார்த்தவர் கடன் வாங்கியிருக்கிறார், அறுநூறு ரூபாய். ஆள் திடீரென்று இறந்துபோனார். வட்டி ஏறிக்கொண்டே போனது. அசலும் வட்டியும் ஆயிரத்து நூறு ஆனதும் தாத்தா பத்திரத்தோடு போனார். அந்த விதவை கைநாட்டு வைத்துக் கொடுத்தார். "எனக்கு அப்போ பதினாலு வயசு. நாங்க சாமான் எறக்கறப்ப அந்தப் பொம்பள கெணத்தடியிலேயே உக்காந்துனு இருந்தா. எழுந்திருக்கவே இல்ல. உங்க தாத்தா ஒரு வார்த்த பேசல." அத்தை இதை அறுபது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா அந்த வீட்டை 1994-இல் விற்றார். 2,40,000 ரூபாய். அதில் பாதி இப்போது நான் இருக்கும் பெரம்பூர் வீட்டுக்கு முன்பணம். மீதி என் கல்லூரிச் செலவு, அண்ணன் கல்யாணம். அந்தப் படிப்பில்தான் எனக்கு வங்கி வேலை. வட்டிக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான், என் வீட்டுக் கணக்கை நாற்பத்தெட்டு வயசில்தான் பார்த்தேன்.

அண்ணனிடம் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் அந்தத் தங்கச்சிக்குக் காட்டின அதே எசேக்கியேல் 18-ஐ எனக்கே திருப்பிக் காட்டினான். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. தாத்தா செய்தது தாத்தாவோடு போயிற்று, சட்டப்படி பத்திரம் சரியாக இருக்கிறது, நமக்கு என்ன பங்கு?

அன்றிரவு அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தேன். எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட அதிகாரம். எல்லாரும் இருபதாம் வசனத்துக்கு நேராகப் போய்விடுகிறோம். அதற்கு முன்னால், தகப்பனுடைய பாவங்களைப் பார்த்து அவற்றைச் செய்யாத மகன் யார் என்று கர்த்தர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒருவரையும் ஒடுக்காதவன். அடைமானத்தை, அதாவது அடகாக வாங்கினதை, வைத்துக்கொண்டிராதவன். வட்டி வாங்காதவன். பசித்தவனுக்கு அப்பம் கொடுக்கிறவன். இப்படிப்பட்டவன்தான் தகப்பனுடைய அக்கிரமத்தினிமித்தம் சாகமாட்டான். அடைமானம்! தகப்பன் பிடுங்கின அடைமானத்தைக் கையில் வைத்துக்கொண்டே, நான் என் தகப்பனைப் போல இல்லை என்று சொல்ல எசேக்கியேல் இடம் கொடுக்கவில்லை. வைத்துக்கொண்டிருப்பது என் பாவம். அதற்கு என் தாத்தாவின் பேரை இழுக்க வேண்டியதில்லை.

அதற்கப்புறம்தான் தானியேலும் நெகேமியாவும் எனக்கு வேறு மாதிரி கேட்டார்கள். பரம்பரை சாபம் பேசுகிறவர்கள் எல்லாரும் காட்டுகிற இரண்டு ஜெபங்கள் இவை. தானியேல் 9-இல் "நாங்கள் பாவஞ்செய்து, அக்கிரமக்காரராயிருந்து" என்று மன்றாடுகிறார். சின்ன வயசில் பாபிலோனுக்குப் பிடிபட்டுப் போனவர். எருசலேமை அழிவுக்குக் கொண்டுபோன யூதா ராஜாக்களின் பாவத்தில் அவருக்கு என்ன பங்கு? ஆனாலும் "அவர்கள்" என்று விலகி நிற்கவில்லை. அதே சமயம் தன் நோய்க்கோ தன் வீட்டுக் கஷ்டத்துக்கோ காரணம் தேடித் தாத்தாவின் பட்டியலைப் புரட்டவும் இல்லை. இடிந்துகிடக்கிற நகரத்துக்காக, இன்னும் முடியாத ஒரு அவமானத்துக்குள் நின்றுகொண்டு ஜெபிக்கிறார்.

நெகேமியாவும் முதல் அதிகாரத்தில் "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவம் செய்தோம்" என்கிறார். ஒன்பதாம் அதிகாரத்தில் ஜனங்கள் எல்லாரும் எழுந்து நின்று தங்கள் பாவங்களையும் பிதாக்களின் அக்கிரமங்களையும் அறிக்கையிடுகிறார்கள். இந்த இரண்டையும் எடுத்துப் பேசுகிறவர்கள் நடுவில் இருக்கிற ஐந்தாம் அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பஞ்சத்தில் வயலையும் வீட்டையும் அடகு வைத்த ஏழைகள், எங்கள் பிள்ளைகள் அடிமையாகிறார்களே என்று கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா கடன் கொடுத்த பிரபுக்களைக் கூட்டி வைத்து, வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும், வாங்கின வட்டியையும், இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். இன்றைக்கே. அவர்களும் கொடுத்துவிடுகிறோம் என்கிறார்கள். ஒன்பதாம் அதிகாரத்து அறிக்கை அதற்கு அப்புறம்தான் வருகிறது.

எங்கள் பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்து லித்தானியாவிலும் எங்கள் குற்றங்களையும் எங்கள் முன்னோர்களின் குற்றங்களையும் நினைக்காதிரும் என்ற விண்ணப்பம் உண்டு. தாத்தா உரத்த குரலில் மறுமொழி சொன்ன லித்தானியா. அவருடைய முன்னோர்களை நினைத்துச் சொல்லியிருப்பார். பேத்தி அவரை நினைத்து அதைச் சொல்வாள் என்று நினைத்திருக்க மாட்டார்.

இது வீட்டுக்கு மட்டுமா, சபைக்கும் இல்லையா என்ற கேள்வி அப்புறம் வந்தது. சென்னை வேப்பேரி மிஷனை 19-ஆம் நூற்றாண்டில் ஏற்று நடத்தியது எஸ்.பி.ஜி. என்கிற இங்கிலாந்து மிஷனரி சங்கம் (சொசைட்டி). தமிழ்நாடு முழுக்கப் பள்ளியும் ஆலயமும் கட்டின சங்கம். எங்கள் குடும்பத்தில் முதல் எழுத்துப் படித்தவரே அந்தப் பள்ளியில் படித்தவர்தான். அதே சங்கம் மேற்கிந்தியத் தீவுகளில் பார்படோஸில் கோட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டத்தை அடிமைகளோடு வைத்திருந்தது. அந்த அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்ற வார்த்தையைப் பழுக்கக் காய்ச்சின இரும்பால் சூடு போட்டிருக்கிறார்கள். 1833-இல் சட்டம் போட்டு அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, முதலாளிகளுக்கு. அடிமைகளுக்கு ஒரு பைசா இல்லை. சங்கமும் வாங்கிக்கொண்டது. 2006-இல் இங்கிலாந்து சபையின் பேரவை இதற்காக மன்னிப்புக் கேட்டது. 2023-இல்தான் அந்தச் சங்கத்தின் வாரிசு அமைப்பு கோட்ரிங்டன் மக்களுக்காக நிதி ஒதுக்குவதாக அறிவித்தது. மன்னிப்புக்கும் பணத்துக்கும் நடுவில் பதினேழு வருஷம்.

நம் கதையும் குறைந்ததில்லை. அதே 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே அறவே ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். தனித்தனியாக உட்காருவதும், திருவிருந்தில் முன்பின் பார்ப்பதும் கூடாது என்றார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகிப் போனவர்கள் உண்டு. கத்தோலிக்கரிலும் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி பிரித்து ஒரு கோயிலையே கட்டி, நடுவில் சுவரும் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சுவர் இடிந்தது. இதைச் செய்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஆனால் கிறிஸ்தவக் கல்யாணத் தகவல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற" என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பேர் இருக்கும். முன்னோர் பாவத்தை அறிக்கை செய்ய வேண்டுமா என்று இந்த விஷயத்தில் கேட்கவே வேண்டாம். நம் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது அது நம் பாவம்.

எண்ணாகமம் 5-இல் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவன் பிறனுக்கு அநியாயம் செய்தால், பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள அவனுக்கு இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால் அது ஆசாரியனுக்குச் சேரும். அப்படியென்றால், இனத்தான் இருந்தால் அவனைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்றுதானே அர்த்தம். ஆள் செத்துப்போனாலும் கடன் சாகவில்லை.

2,40,000. ஐந்தில் ஒரு பங்கு 48,000. மொத்தம் 2,88,000. முப்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த ரூபாய் வேறு, இன்றைய ரூபாய் வேறு. அந்த வீடு இன்று இருந்தால் என்ன விலை போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இது போதாத தொகை. என் சம்பளத்தில் தவணையாகக் கொடுக்க முடிந்தது இதுதான், மீதி கர்த்தர் ஆயுசு கொடுத்தால்.

அந்த விதவையின் பேத்தியைக் கண்டுபிடிக்க நான்கு மாசம் ஆனது. அத்தைக்குத் தெரிந்தவர்கள் மூலமாகத்தான். வியாசர்பாடியில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், இரண்டாவது மாடி. என்னைவிட இரண்டு மூன்று வயசு பெரியவர். வழியெல்லாம் ஒரு பெரிய அறிக்கையை மனசில் தயார் செய்துகொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. "அக்கா, எங்க தாத்தா உங்க ஆயாகிட்ட வீட்ட எழுதி வாங்கினது தப்பு. அந்த வீட்டுப் பணத்துலதான் நான் படிச்சேன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ரொம்ப நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அப்புறம் கேட்டார்: "அந்தக் கெணறு இன்னும் இருக்குதா?"

இல்லை, மூடிவிட்டு அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள் என்றேன்.

"எங்க ஆயா சாவுற வரைக்கும் அந்தத் தண்ணியப் பத்தியே பேசினு இருந்திச்சி. இங்க லாரித் தண்ணி புடிச்சா மூஞ்சத் திருப்பிக்கும்" என்றார். எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். குடித்தேன்.

பணத்தைக் கையில் வாங்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பீஸை நேராகக் கல்லூரிக்குக் கட்டுகிறேன் என்றதும், யோசித்துவிட்டு, மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்து, கட்ட வேண்டிய தேதியைச் சொன்னாள். எதற்காக நான் கட்டுகிறேன் என்று அவளுக்கு அவள் அம்மா சொல்லியிருக்கிறார். நன்றி என்று அவள் சொல்லவில்லை, அதுதான் சரி.

முதல் தவணை கட்டியாயிற்று. அடுத்தது ஜூனில். அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. அத்தை மட்டும் போன வாரம் வீட்டுக்கு வந்து, சுருக்குப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் நான்கை எடுத்து என் கையில் வைத்து, "இதயும் அதுல சேத்துக் கட்டிடு" என்றார்.